சேர்க்கையும் சிகரெட்டும்: பிள்ளைகளிடம் அறிவுரை எங்கே வழிமாறுகிறது?

"நல்ல பையன்தான், சேர்க்கைதான் சரியில்ல." பத்தாம் வகுப்புப் பையன் சிகரெட்டோடு பிடிபட்டால் வீட்டில் முதலில் எழும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை நண்பர் ஜோடிகளாகப் பிடித்து, ஒரே கல்வியாண்டில் இரண்டு முறை விசாரித்தார் சமூகவியலாளர் டெனிஸ் காண்டெல். கஞ்சா புகைக்கும் பையனின் நண்பனும் ஏன் புகைக்கிறான்? ஒத்த பழக்கமுள்ளவர்கள் தேடிப்போய்ச் சேர்ந்துகொள்வது ஒரு பாதி. சேர்ந்த பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுவது மறுபாதி. 1978-இல் அவர் வெளியிட்ட இந்த முடிவில் இரண்டின் எடையும் ஏறத்தாழ சமம்.

ஆக, எவனோ வந்து நம் பிள்ளையைக் கெடுத்துவிட்டான் என்பது முழுக் கதை இல்லை. அந்தச் செட்டை நம் பிள்ளையும் தேடிப் போயிருக்கிறான். வீட்டிலும் வகுப்பிலும் கிடைக்காத ஏதோ ஒன்று அவனுக்கு அங்கே கிடைக்கிறது. பொதுச் சுகாதாரப் பிரசாரங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "புகை உயிரைக் குடிக்கும்" என்பதைத் தனித்தனிப் பிள்ளைகளின் காதில் போடுவதாக நினைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் செலவழிக்கிறோம். பிள்ளையோ தன் கூட்டாளிகளோடு சேர்ந்துதான் அதைக் கேட்கிறான். அந்த வாசகத்துக்கு என்ன பொருள், அதைச் சொன்னவன் நம்ம ஆளா இல்லையா என்பதை அந்தக் கூட்டம் முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிரசாரங்கள் சில உண்மையிலேயே வென்றிருக்கின்றன. புரியாதவை வீணாய்ப் போனதோடு நிற்கவில்லை, சில தீங்கும் செய்திருக்கின்றன.

பார்க்க ஆள் இருந்தால்

பதின்ம வயதில் ஆபத்து தெரியாது, அதனால்தான் துணிகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைக் கண்முன் காட்டுகிறது. கணினியில் ஒரு கார் விளையாட்டு. சிக்னலில் மஞ்சள் விழுகிறது. நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனால் மதிப்பெண் ஏறும். ஆனால் எந்த நொடியிலும் சிவப்பு விழுந்து எதிரே ஒரு சுவர் முளைக்கலாம். மோதினால் சேர்த்ததெல்லாம் போச்சு. 13 முதல் 16 வயது வரை ஒரு குழு, 18 முதல் 22 வரை இன்னொன்று, 24-ஐத் தாண்டியவர்கள் மூன்றாவது. மொத்தம் 306 பேர். பாதிப் பேர் தனியாக விளையாடினார்கள், பாதிப் பேர் தங்கள் வயதுக்காரர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தனியாக விளையாடியபோது சிறுவனும் பெரியவனும் ஏறக்குறைய ஒரே அளவு ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள். பக்கத்தில் ஆள் வந்ததும் சிறுவர்களின் துணிச்சல் சுமார் இரண்டு மடங்கானது. நடுக்குழுவுக்கும் ஏறியது, ஆனால் அவ்வளவு இல்லை. பெரியவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டைன்பர்க்கும் அவரது சகாக்களும் 2011-இல் இன்னொரு படி போனார்கள். பிள்ளைகளை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஓட்டவிட்டு, நண்பர்களை அடுத்த அறையில் உட்காரவைத்து, "அவர்கள் உன் ஆட்டத்தைத் திரையில் பார்க்கிறார்கள்" என்று மட்டும் தெரிவித்தார்கள். பரிசு, சந்தோஷம் இவற்றுக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதினரிடம் கூடுதலாக விழித்துக்கொண்டன. "போடா, பயந்தாங்கொள்ளி" என்று யாரும் சீண்டவில்லை. பார்க்கிறார்கள் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

நிஜச் சாலையில் இது உயிர்க்கணக்கு. 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஓர் ஆய்வில், 16 வயது ஓட்டுநர் விபத்தில் சாகும் வாய்ப்பு, தனியாகப் போவதைவிட மூன்று பேரையோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு போகும்போது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்கள் புது உரிமம் வாங்கிய பிள்ளைகள் முதல் சில மாதங்களுக்குத் தங்கள் வயதுக்காரர்களை வண்டியில் ஏற்ற வரம்பு வைத்திருப்பது இதனால்தான். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். பையனுக்கு ஒரு வார்த்தை உபதேசம் இல்லை, விபத்துப் படம் காட்டி மிரட்டல் இல்லை. துணிச்சலைத் தூண்டும் அந்தச் சபையை மட்டும் கொஞ்ச காலம் கலைத்து வைக்கிறார்கள். நம் ஊரில் ட்ரிபிள்ஸ் போகும் பையன்களைத் தடுத்து நிறுத்தி ஹெல்மெட் பற்றிப் பாடம் எடுக்கும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

சிகரெட் எந்தக் கட்சியின் கொடி?

இதுவரை சொன்னது பக்கத்தில் இருக்கும் நண்பர்களைப் பற்றி. அதைவிடப் பெரிய வட்டம் ஒன்று இருக்கிறது. எந்தப் பள்ளியிலும் பிள்ளைகளுக்குள் சில வகையறாக்கள் உண்டு: படிப்பாளிகள், விளையாட்டுக்காரர்கள், கெத்து காட்டும் கூட்டம், கடைசி பெஞ்ச். ஒருவனோடு பேசாமலேயே அவன் எந்த வகையறா என்று நடையையும் முடிவெட்டையும் வைத்து மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள்.

1980களின் தொடக்கத்தில் மொழியியலாளர் பெனலபி எக்கர்ட் அமெரிக்காவின் டெட்ராய்ட் புறநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நீண்ட காலம் தங்கி அந்தப் பிள்ளைகளைக் கவனித்தார். அங்கே இரண்டு துருவங்கள். ஒரு பக்கம் "ஜாக்": பள்ளி அணிகள், மாணவர் மன்றம், அடுத்து கல்லூரி என்று போகும், பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். இன்னொரு பக்கம் "பர்ன்அவுட்": தொழிற்கல்வி வகுப்புகள், பள்ளி முடிந்ததும் உள்ளூரிலேயே உடலுழைப்பு வேலை என்று போகும், பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளி வளாகத்தில் புகைக்க அனுமதித்த ஒரு முற்றம் இருந்தது. அது பர்ன்அவுட்களின் இடம். ஒருவன் அங்கே போய் நின்று பற்றவைத்தால் தான் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டான் என்று அர்த்தம். ஜாக் பிள்ளைகள் புகைக்காமல் இருந்ததிலும் நுரையீரல் பற்றிய கவலையைவிட "நான் அந்தக் கூட்டம் இல்லை" என்பது பெரிதாக இருந்தது. எக்கர்ட் 1983-இலேயே பொதுச் சுகாதார ஆய்விதழ் ஒன்றில் இதைச் சுருக்கமாக எழுதினார்: பள்ளி வயதுப் புகைப்பழக்கத்தை வெறும் சதவிகிதமாகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது, சிகரெட் அங்கே ஒரு சமூக அடையாளம்.

இதை வைத்துக்கொண்டு பள்ளியில் நடக்கும் விழிப்புணர்வு வகுப்பை நினைத்துப் பாருங்கள். சொல்கிறவர் ஆசிரியர். மேடையில் பக்கத்தில் நிற்பவன் மாணவர் தலைவன். இரண்டு பேருமே முற்றத்தில் நிற்கும் பையனுக்கு எதிர்க்கட்சி. புகைத்தால் கேடு என்று அவர்கள் சொல்வதை அவன் மறுக்கவில்லை. அவர்கள் பக்கம் சேர மறுக்கிறான். புற்றுநோய்ப் படத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டினால் அவன் மனம் மாறும் என்று நினைப்பது, அவன் எதை மறுக்கிறான் என்றே தெரியாமல் பேசுவது.

1994-95-இல் தொடங்கிய தேசிய அளவிலான அமெரிக்க ஆய்வு ஒன்றின் தரவை வைத்து, 2001-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று இதற்கு இன்னொரு முகம் காட்டியது. பலருக்கும் பிடித்த, செல்வாக்குள்ள பிள்ளைகள் புகைப்பார்களா, மாட்டார்களா? பள்ளியைப் பொறுத்தது. புகைப்போர் அதிகமான பள்ளிகளில் செல்வாக்குள்ளவர்கள் புகைக்கும் வாய்ப்பு கூடுதல். குறைவான பள்ளிகளில் அதே செல்வாக்கு அவர்களைப் புகையிலிருந்து விலக்கி வைத்தது. ஊரோடு ஒத்து வாழ்கிறவர்கள்தான் அந்த ஊரில் பெரிய ஆளாகிறார்கள்.

சிகரெட் கம்பெனிகளுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். கேமல் சிகரெட்டுக்கு 1988-இல் அமெரிக்காவில் ஜோ கேமல் என்ற கார்ட்டூன் ஒட்டகத்தை இறக்கினார்கள். கூலிங் கிளாஸ், பைக், பில்லியர்ட்ஸ் மேசை, சுற்றிலும் நண்பர்கள். 1991-இல் வந்த ஓர் ஆய்வில் ஆறு வயதுக் குழந்தைகள் மிக்கி மவுஸை அடையாளம் காணும் அளவுக்கு இந்த ஒட்டகத்தையும் கண்டுகொண்டார்கள். 1997-இல்தான் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. நாம் நுரையீரல் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் ஒரு கூட்டத்தில் சேர டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே காலம், இரண்டு விளம்பரம்

இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போகும் அத்தியாயம் 1998-க்கும் 2002-க்கும் இடையில் அமெரிக்காவில் நடந்தது. ஒரே நாட்டில், ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு, புகைக்காதே என்று சொல்ல இரண்டு பெரும் பிரசாரங்கள் ஓடின. பலனை அருகருகே வைத்து அளக்கவும் முடிந்தது. இப்படி ஒரு வாய்ப்பு பொதுச் சுகாதாரத்தில் அபூர்வம்.

முதலாவது ஃபுளோரிடாவில் பிறந்தது. 1997-இல் அந்த மாநிலம் புகையிலைக் கம்பெனிகள் மீதான வழக்கில் 1,130 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு பெற்றது. அதிலிருந்து வந்த பணத்தில் 1998-இல் பிள்ளைகளையே கூட்டிவைத்துக் கேட்டார்கள். அவர்கள் சொன்னது பெரியவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். புகைத்தால் சாவு என்பது எங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். எங்களை யார் ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். அதிலிருந்துதான் ட்ரூத், அதாவது உண்மை, என்ற பெயரில் ஒரு பிரசாரம் வந்தது. பிள்ளைகளுக்குப் புகையிலைக் கம்பெனிகள் எதிரி ஆயின. பெரியவர்களை எதிர்க்கும் அந்த வயதின் வேகம் அப்படியே இருந்தது. அது பாயும் திசை மட்டும் மாறியது.

இரண்டே ஆண்டுகளில் ஃபுளோரிடா நடுநிலைப் பள்ளி மாணவர்களில் புகைப்போர் 18.5 சதவிகிதத்திலிருந்து 11.1-க்கு இறங்கினார்கள். உயர்நிலைப் பள்ளியில் 27.4-லிருந்து 22.6-க்கு. 1998 நவம்பரில் 46 மாநிலங்கள் கம்பெனிகளோடு செய்துகொண்ட பெரும் உடன்படிக்கையால் உருவான லெகசி அறக்கட்டளை, 2000-இல் ட்ரூத்தை நாடு முழுவதும் எடுத்துச் சென்றது. அப்போது வந்த ஒரு விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது. நியூயார்க்கில் ஃபிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனியின் தலைமையகத்தின் முன்னால் இளம் பிள்ளைகள் வண்டியில் வந்து இறங்குகிறார்கள். சவம் சுற்றும் பைகளை நடைபாதையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். 1,200 பை. ஒருவன் மெகாஃபோனை எடுத்து மேல்மாடியைப் பார்த்துக் கேட்கிறான்: புகையிலை ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கொல்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? மாடி ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

அந்தப் படத்தில் எந்தப் பெரியவரும் புத்தி சொல்லவில்லை, "புகைக்காதே" என்ற வார்த்தையே இல்லை. ஒரு செட் இருக்கிறது, அதற்குத் துணிச்சல் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, ஒரு எதிரி இருக்கிறான். முற்றத்தில் நின்ற அந்த டெட்ராய்ட் பையனும் இதில் போய் நிற்கலாம், தன் பக்கத்தை விட்டுக்கொடுக்காமலே.

இரண்டாவது பிரசாரத்தை நடத்தியது சாட்சாத் ஃபிலிப் மோரிஸ் கம்பெனியேதான். 1998-இல் தொடங்கிய அதன் வாசகம்: யோசி, புகைக்காதே. ஒழுங்கான பிள்ளைகள் தோன்றி, நான் புகைப்பதில்லை, எனக்கு அது தேவையில்லை என்று சொன்னார்கள். பார்க்க நல்ல விளம்பரம். பெற்றோருக்குப் பிடித்திருக்கும். மேத்யூ ஃபாரெலியும் சகாக்களும் இரண்டையும் அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். ட்ரூத் பார்த்த பிள்ளைகளிடம் புகையிலைக்கு எதிரான மனநிலை வலுத்திருந்தது. கம்பெனி விளம்பரத்தை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம் புகைக்கும் எண்ணம் கூடுதலாகவும், கம்பெனிகள் மேல் நல்லெண்ணமும் இருந்தன. 2005-இல் அதே குழு, 1999 முதல் 2002 வரை பள்ளிப் பிள்ளைகளிடையே புகைப்பழக்கம் 25.3 சதவிகிதத்திலிருந்து 18-க்கு விழுந்ததில் சுமார் 22 சதவிகிதப் பங்கு ட்ரூத்துடையது என்று கணக்கிட்டது.

கம்பெனிகளுக்கு இது சுட்டது. உடன்படிக்கையில் லெகசியின் பணத்தை யாரையும் தாக்கவோ இழிவுபடுத்தவோ பயன்படுத்தக் கூடாது என்றொரு ஷரத்து இருந்தது. அதைக் காட்டி லோரிலார்ட் என்ற இன்னொரு சிகரெட் கம்பெனி வழக்கில் இறங்கியது. டெலவேர் உச்ச நீதிமன்றம் 2006-இல் லெகசியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒழுங்கான பிள்ளைகளை வைத்து "புகைக்காதே" என்று சொல்ல ஒரு கம்பெனியே பணம் போட்டது, ட்ரூத்தை நிறுத்தவோ இன்னொரு கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. எது வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

நல்லெண்ணம் செய்த தீங்கு

"எல்லாரும் செய்கிறார்கள்" என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால் பாதிக் கதவு திறந்தாயிற்று. அமெரிக்க அரசு 1998 முதல் 2004 வரை ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவில் பிள்ளைகளுக்கான போதை எதிர்ப்பு விளம்பரங்களை ஒளிபரப்பியது. ராபர்ட் ஹார்னிக் தலைமையில் நடந்த மதிப்பீடு 2008-இல் வெளியானது. கஞ்சாவைக் குறைத்ததாக ஓர் ஆதாரமும் இல்லை. அதிகம் பார்த்தவர்களில் சிலரிடம் கஞ்சாவுக்குச் சாதகமான மனநிலைக்கு அறிகுறிகள் இருந்தன. ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று: இத்தனை விளம்பரம் போடுகிறார்கள் என்றால் என் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் புகைக்கிறார்கள் போலிருக்கிறது என்று பார்க்கிறவன் நினைத்துக்கொள்கிறான்.

நம் செய்தித்தாள்களில் வாரம் ஒருமுறையாவது "மாணவர்களிடையே பெருகும் போதை" என்று எட்டுப் பத்தித் தலைப்பு வருகிறது. அக்கறையில்தான் போடுகிறார்கள். ஆனால் 2019-இல் இந்தியாவில் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி 13 முதல் 15 வயது மாணவர்களில் ஏதோ ஒரு வகைப் புகையிலையைத் தற்போது பயன்படுத்துவோர் 8.5 சதவிகிதம். நூற்றுக்கு 91 பேர் தொடுவதில்லை. இந்த 91-ஐ எந்தத் தலைப்பும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

இன்னொரு தீங்கு, கெட்ட பெயர் எடுத்தவர்களையெல்லாம் ஒரே அறையில் உட்காரவைத்துத் திருத்தப் பார்ப்பது. ஓரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷியனும் சகாக்களும் 13, 14 வயதுப் பையன்களை நண்பனோடு சேர்த்து உட்காரவைத்து 25 நிமிடம் பேசவிட்டு வீடியோ எடுத்தார்கள். பிறகு அதில் எந்தப் பேச்சுக்குச் சிரிப்பு கிடைக்கிறது என்று எண்ணினார்கள். சில ஜோடிகளில் பள்ளி, குடும்பம், விளையாட்டு பற்றிய பேச்சுக்கு மௌனம். திருட்டு, சண்டை, வாத்தியாரை ஏமாற்றியது பற்றிய பேச்சுக்குச் சிரிப்பு. அப்படிச் சிரித்த ஜோடிகள் அடுத்த ஆண்டுகளில் போதைக்குள் போகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பயிற்சி என்று யாரும் நினைக்காத பயிற்சி அது. 1999-இல் டிஷியன், ஜோன் மெக்கார்ட், பிரான்சுவா பூலின் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஆபத்திலிருக்கும் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து நடத்திய நல்வழிக் குழுக்களில் புகைப்பழக்கமும் குற்றமும் கூடியதைக் காட்டினார்கள். எத்தனை பள்ளிகளில் "பிரச்சினைப் பசங்க" பத்துப் பேரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தனி அறையில் கவுன்சிலிங் நடக்கிறது! அந்தப் பத்துப் பேருக்கும் அன்றைக்குத்தான் ஒரு முறையான சங்கம் அமைகிறது.

யாரைக் கேட்க வேண்டும்

கூட்டம் கெடுக்கும் என்றால், கூட்டமே காக்கவும் செய்யுமா? இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் நடந்த அஸிஸ்ட் என்ற பரிசோதனை இதற்கு நான் அறிந்தவற்றில் நேர்மையான பதில். 12, 13 வயதுப் பிள்ளைகள் 10,730 பேர். முடிவு 2008-இல் லான்செட் இதழில் வந்தது.

அதன் சிறப்பு, தலைவர்களைத் தேர்ந்தெடுத்த விதம். ஆசிரியர்களிடம் கேட்கவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள்: நீ யாரை மதிக்கிறாய்? யார் நல்ல தலைவர்? யாரைப் பார்த்து நீயும் அப்படி இருக்க ஆசைப்படுகிறாய்? அதிகப் பெயர் வாங்கியவர்களை அழைத்தார்கள். அவர்களில் சேட்டைக்காரர்களும் இருந்தார்கள், புகைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். சில ஆசிரியர்களுக்குப் பட்டியலைப் பார்த்ததும் முகம் சுளித்தது. ஆனாலும் பட்டியலைத் திருத்தவில்லை. பள்ளிக்கு வெளியே, ஆசிரியர் அல்லாத பயிற்சியாளர்களை வைத்து இரண்டு நாள் பயிற்சி. பிறகு பத்து வாரம், பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் தெருவிலும் சாதாரணமாகப் பேச்சுவாக்கில் இதைப் பற்றிப் பேச வேண்டும், நடந்ததைச் சின்னக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மேடை கிடையாது, ஊர்வலம் கிடையாது.

அந்தப் பள்ளிகளில் தொடர்ந்து புகைப்பவராக மாறும் வாய்ப்பு, இரண்டு ஆண்டுத் தொடர் கண்காணிப்பைச் சேர்த்துப் பார்த்தால், மற்றப் பள்ளிகளைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. காலம் போகப் போக அந்த விளைவு தேய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் தீவிரமாகப் புகைப்பவர்களிடம் போகவில்லை. இன்னும் தொடாதவர்கள், எப்போதாவது தொட்டவர்கள் இவர்களிடம்தான் பேசினார்கள். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. யாரிடம் பேசினால் எடுபடும் என்று பதிமூன்று வயதுப் பிள்ளைக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

இதே வழியில் நம் சென்னையிலும் ஒன்று நடந்தது, அது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில், ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படித்த பிள்ளைகளிடையே, மைத்ரி என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். தொடக்க ஆய்விலேயே ஒரு பேரதிர்ச்சி. எட்டாம் வகுப்பில் எப்போதாவது புகையிலையைத் தொட்டவர்கள் 9.3 சதவிகிதம், ஆறாம் வகுப்பில் 24.8. சின்னவர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். வகுப்புத் தோழர்களே நடத்தும் பாடங்கள், விளையாட்டுகள், சுவரொட்டிகள் என்று இரண்டு ஆண்டு போனது. திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 17 சதவிகிதம் குறைந்தது. நடக்காத பள்ளிகளில் அதே காலத்தில் 68 சதவிகிதம் கூடியது. பிள்ளைகள் தாங்களே எழுதிக்கொடுத்த கணக்கு இது என்ற எச்சரிக்கையோடு பார்த்தாலும், இந்த வித்தியாசத்தை ஒதுக்க முடியாது.

ஐஸ்லாந்து இன்னொரு வழியில் போனது. பிள்ளைகளின் கூட்டம் எங்கே, எந்த நேரத்தில் கூடுகிறது என்பதையே மாற்றினார்கள்: 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது, பெற்றோர் குழுவாக இரவில் தெருவில் நடந்தார்கள், விளையாட்டு, இசை மன்றங்களுக்கு அரசு பணம் கொடுத்தது. முந்தைய ஒரு மாதத்தில் குடித்து போதையானதாகச் சொன்ன 15, 16 வயதினர் 1998-இல் 42 சதவிகிதம். 2016-இல் 5. சின்ன நாடு, பணம் உள்ள நாடு, அப்படியே எடுத்து வந்து இங்கே ஒட்ட முடியாது. ஆனாலும் அவர்கள் செலவழித்தது சுவரொட்டியில் அல்ல, சாயங்காலத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே இப்போது

தமிழ்நாட்டில் இன்று பள்ளி வாசலைச் சுற்றியிருக்கும் கவலை சிகரெட் மட்டும் இல்லை. உதட்டுக்கடியில் ஒதுக்கிக்கொள்ளும் கூல் லிப் போன்ற சின்னப் புகையிலைப் பைகள்தான் ஆசிரியர்களை அதிகம் திணறவைக்கின்றன. புகை இல்லை, வாடை குறைவு, வகுப்பில் உட்கார்ந்தபடியே போடலாம். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்கும் அளவுக்குப் போனது. கடையில் கிடைக்காமல் செய்வது முதல் வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எத்தனை பெட்டிக்கடைகள் அதைக் கேட்கின்றன என்பது தினமும் அந்தப் பக்கம் நடக்கிறவர்களுக்குத் தெரியும்.

2022 ஆகஸ்டில் மாநிலம் முழுக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போதைக்கு எதிரான உறுதிமொழி எடுத்தார்கள். போதை எதிர்ப்பு மன்றங்களும் தொடங்கப்பட்டன. அந்த அமைப்பு இருப்பதே பெரிய விஷயம், பாதி வேலை முடிந்தது மாதிரி. ஆனால் மன்றத்தின் மாணவர் பொறுப்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? வழக்கமாக வகுப்பாசிரியர்தான். யாரை? கையெழுத்து நன்றாக இருப்பவனை, மேடையில் திக்காமல் பேசுபவளை, முதல் பெஞ்சை. அவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் மதிய இடைவேளையில் சுற்றுச்சுவர் ஓரம் நிற்கும் ஐந்து பேருக்கு அவர்கள் யாரோ. அந்த ஐந்து பேரும் யார் சொன்னால் கேட்பார்கள் என்பது அந்த வகுப்பில் நாற்பது பேருக்கும் தெரியும். பக்கத்துத் தெருவில் கபடி ஆடும் பையனாக இருக்கலாம், கணக்கில் ஃபெயிலாகி கானா பாடும் பையனாக இருக்கலாம், எல்லாருக்கும் ரீல்ஸ் எடுத்துக் கொடுக்கும் பெண்ணாக இருக்கலாம். அவர்களில் ஒருவனே அந்தப் பையை ஒருமுறை போட்டுப் பார்த்தவனாகவும் இருக்கலாம்.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தாள் கொடுத்து, அஸிஸ்ட்டில் கேட்ட அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதச் சொல்லலாம். பெயர் போடாமல். செலவு ஒரு கட்டுத் தாள். வருகிற பட்டியலைத் தலைமையாசிரியர் திருத்தாமல் இருக்க வேண்டும், கஷ்டமான பகுதி அதுதான். அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஊர் இளைஞர்கள், செவிலியர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன பேச வேண்டும் என்று நாம் வசனம் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. உதட்டுக்கடியில் வைக்கும் அந்தப் பையை விற்றுச் சம்பாதிப்பது யார், அவன் பிள்ளை அதைப் போடுவானா என்று ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தால் போதும். மீதியை அவர்களே தங்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள்.